வயலுக்கு மழைமானி சாட்சி சொல்லுமா?

திருச்சி வாசகர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பீர்கள். ஐப்பசி மாதத்து மாலை. சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறும்போது மழை கொட்டுகிறது. காவிரிப் பாலத்தின் நடுவில் அது தூறலாகிவிடுகிறது. ஸ்ரீரங்கத்தில் இறங்கும்போது தெருவில் புழுதி கூட அடங்கவில்லை. இடையில் உள்ள தூரம் நாலைந்து கிலோமீட்டர்தான். நனைந்த குடையை மடக்கியபடி, "இங்கே மழையே இல்லையா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். நமக்கு இது வேடிக்கை. ஆனால் அந்த மழையின் அளவைக் கொண்டுதான் ஒரு குடும்பத்துக்கு நட்டஈடு கொடுப்பதா, வேண்டாமா என்று தீர்மானிக்கப் போகிறார்கள் என்றால்? அப்போது அது வேடிக்கையன்று, வழக்கு.

"வானிலை சார்ந்த பயிர்க் காப்பீடு" என்னும் ஏற்பாடு இத்தகைய தீர்மானத்தின்மீதுதான் நிற்கிறது. மாறிவரும் பருவநிலையைச் சமாளிக்கச் சிறு விவசாயிக்குக் கிடைத்த நல்ல துணை என்று இதைப் பலரும் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டில் எவ்வளவு உண்மை? இயற்பியல் பாடம் நடத்துகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்வியை முதலில் என்னிடம் போட்டவர் என் தாய்மாமன்.

அந்தநல்லூர்ப் பக்கம் அவருக்கு வாழைத் தோட்டம். ஒரு சித்திரை மாலையில் எழுந்த சூறைக்காற்றில், தார் தள்ளி நின்ற நேந்திரன் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. அதே மாலையில் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு மாடியில் உலர்த்திய வேட்டி கூடப் படபடக்கவில்லை. மறுநாள் பார்க்கப் போனேன். முறிந்த வாழைகளுக்கு நடுவே நின்றுகொண்டு மாமா கேட்டார்: "ஏம்ப்பா, நீ காத்து, மழையெல்லாம் பாடம் நடத்துறவன்தானே? இனிமே வயலை வந்து பாக்க வேண்டாம், கருவியப் பாத்தே பணம் குடுத்துடலாம்னு கூட்டத்துல பேசுனாங்க. அந்தக் கருவி உங்க ஸ்ரீரங்கத்துல இருந்திருந்தா, எனக்கு என்ன கிடைச்சிருக்கும்?"

"ஒன்றும் கிடைத்திருக்காது, மாமா" என்பதுதான் என் பதில். ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரை.

திட்டம் சொல்வது என்ன?

சாதாரணப் பயிர்க் காப்பீட்டில் விளைச்சலை அளக்கிறார்கள். ஒரு கிராமத்தில் சில வயல்களைத் தேர்ந்து, குறிப்பிட்ட பரப்பில் கதிரறுத்து எடை போடுகிறார்கள். இதற்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர். சராசரி விளைச்சல் ஓர் எல்லைக்குக் கீழே போனால் அக்கிராமத்தில் காப்பீடு செய்த எல்லோருக்கும் நட்டஈடு உண்டு.

வானிலைக் காப்பீட்டில் வயலைப் பார்ப்பதே இல்லை. அருகிலுள்ள வானிலை நிலையத்தின் பதிவுகளைப் பார்க்கிறார்கள். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிக்குள் இத்தனை மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெய்தால், ஒவ்வொரு மில்லிமீட்டர் குறைவுக்கும் இவ்வளவு ரூபாய் என்று முன்கூட்டியே அட்டவணை போட்டுவிடுகிறார்கள். வெப்பம், காற்றின் வேகம், ஈரப்பதம் ஆகியவற்றுக்கும் இப்படியே எல்லை வகுக்கலாம். எண் எல்லையைக் கடந்தால் பணம், கடக்காவிட்டால் இல்லை.

இந்த யோசனை மேல்நாட்டிலிருந்து வந்தது என்று எண்ணிவிடாதீர்கள். மைசூர் சமஸ்தானத்தில் பணியாற்றிய ஜே. எஸ். சக்கரவர்த்தி என்பவர் 1920-லேயே, மழைக்குறைவை அளவுகோலாகக் கொண்டு விவசாயிகளுக்குக் காப்பீடு செய்யலாம் என்று ஒரு நூலே எழுதினார். அது ஏட்டோடு நின்றுவிட்டது. நாடு முதலில் சோதித்துப் பார்த்தது வேறொரு வழியை. 1972-ல் குஜராத்தில் பருத்தியில் தொடங்கி, ஒவ்வொரு விவசாயியின் நட்டத்தையும் தனித்தனியே மதிப்பிடும் முறை வந்தது. அதில் 3,110 விவசாயிகள் சேர்ந்தார்கள். வசூலான பிரீமியம் 4.54 இலட்சம் ரூபாய். கொடுத்த நட்டஈடோ 37.88 இலட்சம். எட்டு மடங்குக்கும் மேல்! வண்டி ஓடுமா? பிறகு பொருளியல் அறிஞர் வி. எம். தாண்டேகர் வகுத்துத் தந்தபடி, தனி வயலை விட்டு வட்டாரச் சராசரியைக் கணக்கிடும் முறை 1979-ல் சோதனையாகவும், 1985-ல் நாடு தழுவிய திட்டமாகவும் வந்தது.

மழையளவைக் கொண்ட காப்பீடு 2003-ல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மகபூப்நகர் மாவட்டத்தில் மீண்டும் உயிர் பெற்றது. 2007-ல் மத்திய அரசு அதைச் சோதனைத் திட்டமாக ஏற்றது. 2016-ல் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது, வானிலைக் காப்பீடும் சீரமைக்கப்பட்டு அதன் இணையாக அமைந்தது. பிரீமியத்தில் விவசாயியின் பங்கு காரிஃப் பயிருக்கு 2 சதவிகிதம், ராபிப் பயிருக்கு 1.5 சதவிகிதம், தோட்டப்பயிருக்கும் பணப்பயிருக்கும் 5 சதவிகிதம் என்று வரம்பு கட்டினார்கள். மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன.

நல்ல பக்கமும் உண்டு

குறை சொல்லுமுன் நிறையைச் சொல்லிவிடுவது முறை. மழைமானிக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. அறுவடைப் பரிசோதனையில் எந்த வயலைத் தேர்ந்தார்கள், எடையைச் சரியாக எழுதினார்களா என்றெல்லாம் எழும் சண்டை இங்கே இல்லை. அறுவடை முடிந்து கணக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். குறித்த காலம் முடிந்ததும் பணத்தைக் கணக்கிட்டுவிடலாம். அடுத்த நடவுக்கு வட்டிக்கடைக்குப் போகாமல் இருக்க அந்த வேகம் உதவும். பயிரைக் கவனிக்காமல் விட்டுவிட்டு நட்டஈடு கேட்கும் வழியும் அடைபடுகிறது. மணப்பாறை, துறையூர்ப் பக்கத்து மானாவாரி நிலத்தில் மழைதான் பயிரின் உயிர். அங்கே மழைமானி வயலுக்கு ஓரளவு நெருங்கிய சாட்சி.

ஆனால் சாட்சி நேர்மையானவர் என்பது மட்டும் போதுமா? சம்பவ இடத்தில் அவர் இருந்தாரா என்பதும் முக்கியமல்லவா?

ஒரு சோறு பதமா?

மழைமானிகளில் ஒரு வகையின் வாய்ப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர்; அதாவது 0.02 சதுர மீட்டர். உங்கள் பாடப்புத்தகத்தின் அட்டையைவிடச் சிறியது. அது தன்னைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்துக்குச் சாட்சி சொல்வதாகக் கொள்வோம். அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 7.85 கோடி சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள்: மழைமானியின் வாயைப்போல் ஏறத்தாழ 390 கோடி மடங்கு.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்கிறார்களே, சிறு மாதிரியைக் கொண்டு பெரிய அளவை அறிவது தவறா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அந்தப் பழமொழி மெய்யாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருக்க வேண்டும். கொதிநீர் சுழன்று வெப்பத்தைச் சமமாகப் பரப்புவதால் சோற்றுப்பானையில் அது நடக்கிறது. வானம் அப்படிப்பட்ட பானையா?

சில நாட்களில் ஆம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உண்டாகி, மேகம் பல மாவட்டங்களைப் போர்த்திக்கொண்டு பெய்யும்போது பக்கத்துப் பக்கத்து ஊர்களின் அளவுகள் ஓரளவு ஒத்துப்போகும். ஆனால் கோடையில் சூடேறிய தரையிலிருந்து காற்று மேலெழுந்து திரளும் இடிமேகம் சில கிலோமீட்டர் அகலமே கொண்டது. அதன் கீழே இருக்கிறவருக்கு மழை. அடுத்த ஊர்க்காரருக்கு இடிச்சத்தம் மட்டும்.

நிலையத்தின் எண்ணுக்கும் வயலின் உண்மைக்கும் உள்ள இந்த இடைவெளியை வல்லுநர்கள் 'அடிப்படை இடர்' என்பார்கள். இதனால் பயிர் கருகியவருக்குப் பணம் வராமற்போகலாம். நன்றாக விளைந்தவருக்குப் பணம் வரவும் வரலாம். பின்னது கம்பெனிக்கு நட்டம். முன்னது ஒரு குடும்பத்துக்கு நட்டம். பிரீமியமும் கட்டிப் பயிரையும் இழந்தவர், காப்பீடே செய்யாதவரைவிட மோசமான நிலையில் நிற்கிறார். அவர் மறு ஆண்டு வராவிட்டால் அறியாமை என்று சொல்ல முடியுமா?

காவிரி மழைமானியில் அகப்படாது

அடுத்த குறை நம் ஊருக்கே உரியது. ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. அங்கும், அய்யன், பெருவளை வாய்க்கால்கள் பாயும் மண்ணச்சநல்லூர், லால்குடிப் பகுதிகளிலும் பயிரைக் காப்பதும் கெடுப்பதும் தலைக்கு மேலே பெய்யும் மழை மட்டுமன்று. மேட்டூரிலிருந்து வரும் நீர்.

2018 ஆகஸ்டில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கொள்ளிடத்தில் பெருவெள்ளம். ஸ்ரீரங்கத்தையும் வடகரையையும் இணைத்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. 22-ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. சர் ஆர்தர் காட்டன் காலத்தில், 1836-ல் எழுந்த அணை அது. இந்த வெள்ளத்தைத் தந்த மழை திருச்சியிலா பெய்தது? இல்லை. குடகிலும் வயநாட்டிலும் பெய்தது. நம் ஊர் மழைமானியை அன்று கேட்டிருந்தால் வெள்ளம் என்று ஒன்று வந்ததாகவே அது சொல்லியிராது.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். ஆனால் 2016-ல் செப்டம்பர் 20-ல்தான் திறந்தார்கள்; 2017-ல் அக்டோபர் 2-ல்; 2022-ல் மே 24-லேயே; 2024-ல் ஜூலை 28-ல். முன்பின்னாக நான்கு மாதத்துக்கு மேல் வித்தியாசம்! காப்பீட்டு அட்டவணையோ, பயிர் முளைக்கும் காலம் இன்ன தேதி, பூக்கும் காலம் இன்ன தேதி என்று நாட்காட்டியைப் பார்த்து எழுதப்படுகிறது. தண்ணீர் வந்த நாளுக்கு ஏற்ப நடவைத் தள்ளிப்போட்ட விவசாயி உண்மையில் புத்திசாலி; சூழ்நிலைக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டவர். ஆனால் அட்டவணை அவரைப் பின்தொடர்ந்து வருவதில்லை. அவர் பயிர் பூக்கும் வாரத்தில் வறட்சி வந்தால், அட்டவணைப்படி அது அறுவடைக் காலமாக இருக்கக்கூடும். தகவமைத்துக்கொள்ள உதவுவதாகச் சொல்லும் திட்டம், தகவமைத்துக்கொண்டவரையே கைவிடுகிறதே!

காற்றின் கணக்கு

இனி மாமாவின் வாழைக்கு வருவோம். மகாராஷ்டிரத்தின் ஜள்காவ் பகுதியில் வாழைக்குக் காற்றின் வேகத்தையும் வெப்பநிலையையும் கொண்டு காப்பீடு செய்கிறார்கள். வாழை ஆராய்ச்சிக்கான தேசிய மையமே 1993 முதல் இருக்கும் நம் திருச்சிக்கு இது பொருந்துமா?

காற்று ஒரு பொருளை மோதும்போது தரும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று சதுர மீட்டருக்குச் சுமார் 74 நியூட்டன் விசை தரும். 80 கிலோமீட்டர் காற்று தருவது இருமடங்கு அன்று. நான்கு மடங்கு, ஏறக்குறைய 296 நியூட்டன். இலைகளும் தாரும் சேர்ந்து இரண்டு சதுர மீட்டர் காற்றை மறிப்பதாக வைத்துக்கொண்டால், முதல் காற்று 15 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். இரண்டாவது 60 கிலோ எடையோடு தள்ளும். அதுவும் உயரத்தில்! வாழைத்தண்டு மரமே அன்று. இலையுறைகள் ஒன்றையொன்று சுற்றி நிற்கும் தூண். முட்டுக்கொடுத்த கழியும் தாங்காது.

இப்போது கருவியைப் பாருங்கள். ஒன்பது நிமிடம் 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்று, ஒரே ஒரு நிமிடம் 80-க்கு எகிறியது என்று கொள்வோம். பத்து நிமிடச் சராசரி என்ன? 26 கிலோமீட்டர்! அந்த ஒரு நிமிடத்தில் தோட்டம் சாய்ந்துவிட்டது. சராசரியோ இளங்காற்று என்கிறது. ஆகவே அட்டவணையில் 'காற்றின் வேகம்' என்று எழுதியிருந்தால் போதாது. சராசரியா, உச்ச வீச்சா, எத்தனை வினாடிக்கு, எவ்வளவு உயரத்தில் என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும். இடிமேகத்திலிருந்து கீழிறங்கும் சூறைக்காற்றும் இடிமழையைப்போலவே சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேற்றைய கணக்கும் நாளைய வானமும்

காப்பீட்டின் கணிதம் எளிது. பத்து ஆண்டில் ஒருமுறை 10,000 ரூபாய் கொடுக்க நேரும் என்றால், நிர்வாகச் செலவு நீங்கலாக ஆண்டுக்கு 1,000 ரூபாய் வசூலிக்க வேண்டும். ஐந்தாண்டில் ஒருமுறை என்றால் 2,000. இரண்டு ஆண்டில் ஒருமுறை என்றால் 5,000. இந்தக் கடைசி நிலையில் அது காப்பீடே அன்று; தன் பணத்தையே கொடுத்து வைத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உண்டியல்.

'எத்தனை ஆண்டில் ஒருமுறை' என்பதைப் பழைய பதிவுகளிலிருந்து எடுக்கிறார்கள். பருவநிலை மாறாதிருந்தால் அது சரி. ஆனால் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவிகிதம் கூடுகிறது. இதனால் பெருமழைகள் இன்னும் பெரிதாக வாய்ப்புண்டு. மாதம் முழுவதும் பரவலாக 300 மில்லிமீட்டர் பெய்வதும், இரண்டே நாளில் 300 பெய்துவிட்டு மீதி நாள் காய்வதும் கூட்டலில் ஒன்றுதான், வயலில் ஒன்றா? நல்ல அட்டவணைகள் தொடர்ந்து மழையில்லா நாட்களையும் அடைமழையையும் தனியே எண்ணுகின்றன. மொத்த மழையை மட்டும் பார்க்கும் அட்டவணையை நம்ப வேண்டாம்.

2016-ஐ நினைத்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவிகிதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அறிவிக்கப்பட்டன. அத்தகைய ஆண்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நட்டம். அப்போது காப்பீடு கைகொடுக்கும். ஆனால் அத்தகைய ஆண்டு அடிக்கடி வரத் தொடங்கினால், எந்தக் காப்பீடும் தனியே அந்தச் சுமையைத் தாங்காது.

காப்பீடு விவசாயியை மாற்றுகிறதா?

மொபாரக், ரோசன்ஸ்வைக் என்னும் பொருளியல் ஆய்வாளர்கள் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் இதை ஆராய்ந்தார்கள். மழைநிலையம் தொலைவில் இருக்க இருக்க, காப்பீடு வாங்கும் விருப்பம் குறைவதைக் கண்டார்கள். நம் விவசாயி இயற்பியலைப் பள்ளியில் படிக்காவிட்டாலும் அதைச் சரியாகவே அறிந்திருக்கிறார்! காப்பீடு வாய்த்த தமிழக நெல் விவசாயிகள், வறட்சி தாங்குவதில் குறைந்தாலும் விளைச்சல் அதிகம் தரும் இரகங்களுக்கு மாறியதையும் கண்டார்கள்.

இதை எப்படி மதிப்பிடுவது? துணிந்து முதல் போட முடிவது நல்லது, வருமானம் உயரும். ஆனால் வறட்சி பெருகப் போகிறது என்னும்போது, வறட்சி தாங்காத இரகத்துக்கு மாறுவதைத் தகவமைப்பு என்று அழைக்கத் தயங்குகிறேன். மேலும், மழை பொய்த்தால் நடவாளுக்கும் அறுப்பாளுக்கும் கூலி இல்லை. நிலம் இல்லாத அவர்கள் பெயர் எந்த அடங்கலிலும் இல்லை. எனவே காப்பீட்டிலும் இல்லை.

என்ன செய்யலாம்?

திட்டத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அளவீட்டைச் சரிசெய்யச் சொல்கிறேன். முதலாவது, மழைமானிகள் பெருக வேண்டும். ஊராட்சிதோறும் மழைமானி, ஒன்றியந்தோறும் தானியங்கி வானிலை நிலையம் என்னும் திட்டத்தை மத்திய அரசு 2023-ல் அறிவித்தது. நல்ல செய்தி. நட்டால் மட்டும் போதாது. மரநிழலிலும் கட்டடத்தின் ஓரத்திலும் நட்ட கருவி பொய் சொல்லும்.

இரண்டாவது, ஆற்றுப்பாசன நிலத்துக்கு ஆற்றையே அளவுகோலாக்குங்கள். மேட்டூர் திறந்த நாள், முக்கொம்பில் வந்த நீர் ஆகியவை நாள்தோறும் அளக்கப்படும் எண்கள்தாமே? மூன்றாவது, கருவியின் எண்ணே இறுதித் தீர்ப்பாக இருக்கலாகாது. ஊரே நட்டம் என்று சொல்லும்போது வயலில் இறங்கிப் பார்க்க ஒரு மேல்முறையீட்டு வழி வேண்டும். நான்காவது, அட்டவணை தமிழில் அச்சாகி, நாள்தோறும் மழையளவு ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதப்பட வேண்டும். எத்தியோப்பியாவின் திக்ராய் பகுதியில் 2009-ல் தொடங்கிய திட்டத்தில், அட்டவணை வகுப்பதிலேயே விவசாயிகள் கலந்துகொண்டார்கள். பணம் இல்லாதவர்கள் மண், நீர்ப் பாதுகாப்பு வேலை செய்து பிரீமியத்தை ஈடுகட்டினார்கள்.  இதுவல்லவா உண்மையான தகவமைப்பு?

மாணவ நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வேலை. நேரான பக்கங்களும் தட்டையான அடியும் கொண்ட ஒரு பாத்திரம், ஓர் அளவுகோல் இரண்டும் போதும். வெட்டவெளியில் வைத்து நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு ஊர்களில் இருக்கும் உங்கள் வகுப்பு நண்பர்களும் அதே நாட்களில் குறிக்கட்டும். ஒரு பருவம் முடிந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சோறு பதம் ஆகுமா, ஆகாதா என்பதை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

மாமா மறுபடி வாழை வைத்துவிட்டார். இம்முறை தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் காற்றுத் தடுப்பாகச் சவுக்கு வரிசை ஒன்றும் நட்டிருக்கிறார். காப்பீடு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. "கருவிய எங்க வச்சிருக்காங்கன்னு மொதல்ல காட்டச் சொல்லு, அப்புறம் பணம் கட்டறேன்" என்கிறார். எந்த ஆய்வுக்கூடத்திலும் கேட்க வேண்டிய முதற்கேள்வி அதுதான்.